போனஸ் வண்டிக்கா, ஆளுக்கா? ஒரு மோட்டார் இன்சூரன்ஸ் டேட்டா மாடலில் கற்றது

கார் வைத்திருப்பவர்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் தெரிந்திருக்கும். ஒரு வருடம் முழுக்கக் கிளெய்ம் வாங்காமல் ஓட்டினால், அடுத்த வருடம் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். அப்படியே 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நின்றுவிடும். இந்தத் தள்ளுபடி எதைச் சேர்ந்தது? பாலிசிக் காகிதத்தில் அச்சாகியிருப்பதால் பாலிசியைச் சேர்ந்தது என்று தோன்றும். அந்த வண்டி அடிபடாமல் ஓடியதற்காகக் கிடைத்தது என்பதால் வண்டியைச் சேர்ந்தது என்றும் தோன்றும். விதி இரண்டையும் ஒப்புக்கொள்வதில்லை. காரை விற்றால் போனஸ் வாங்கியவருக்குப் போகாது, விற்றவரிடமே தங்கும். கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்குள் அதே வகையில் வேறு வண்டி வாங்கினால் அதில் பயன்படுத்திக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் கம்பெனியை மாற்றினாலும் கூடவே வரும். ஆக, அது ஆளுடையது.

ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம் தன் பழைய சிஸ்டத்தை மாற்றும்போது மோட்டார் பிரிவுக்கான லாஜிக்கல் டேட்டா மாடலை உருவாக்கும் வேலை எனக்கு வந்தது. பழைய சிஸ்டத்தில் போனஸ் சதவீதம் பாலிசி டேபிளில் ஒரு ஃபீல்டு, அவ்வளவுதான். வண்டி கைமாறும்போது பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (திருத்தக் குறிப்பு) போட்டுப் பெயரை மாற்றுவார்கள். போனஸ் புது உரிமையாளருக்கும் அப்படியே தொடரும். அதைக் கண்டுபிடித்து வித்தியாசத் தொகையை வசூலிக்க ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் எக்செல் ஷீட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மென்பொருளில் ஒரு வரி கோடு தவறி இப்படி ஆகவில்லை. ஒரு விவரம் யாருடையது என்று யாரும் கேட்காமல் விட்டதால் வந்தது.

லாஜிக்கல் மாடலிங்கைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். எந்த டேட்டாபேஸ், எத்தனை டேபிள் என்ற பேச்சுக்கே போகாமல், தொழிலில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொரு விவரமும் எந்தப் பொருளைச் சேர்ந்தது, பொருள்களுக்குள் என்ன உறவு, அந்த உறவு கட்டாயமா, ஒன்றா பலவா என்று எழுதி வைப்பதுதான் லாஜிக்கல் மாடல். ஒரு டேபிளில் உள்ள விவரங்கள் அதன் சாவியை (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் விவரத்தை) மட்டுமே சார்ந்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் நார்மலைசேஷன் பாடத்தில் படித்தோமே, அதுவும் இதே கேள்விதான். கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970-இல், டேட்டாவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாடல் பற்றிய கட்டுரையை எழுதும்போதே, டேட்டா மெஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்றுதான் தொடங்கினார். இன்றும் மாடல் பற்றிய முதல் கூட்டத்தில், எந்த டேட்டாபேஸ், "ஆரக்கிளா, போஸ்ட்கிரெஸா?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அப்போது பதில் சொல்லத் தொடங்கினால் கூட்டம் திசைமாறிவிடும். தொழிலைப் பற்றிப் பேச வந்தவர்கள் அமைதியாகிவிடுவார்கள். அதை வேறு நாளுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

வண்டி நம்பரில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் இடறும் இடம் அது. வண்டியை அடையாளம் காண வண்டி நம்பர் போதும் என்று நினைப்பது இயல்பு. கிளையில் நீண்ட காலம் அண்டர்ரைட்டிங் (எந்த வண்டிக்கு, என்ன பிரீமியத்தில் பாலிசி கொடுக்கலாம் என்று முடிவுசெய்யும் வேலை) பார்த்த ஒரு அம்மாவிடம், "மேடம், நம்பர் இல்லாத வண்டிக்கு பாலிசி போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"தினமும் போடறோமேப்பா. ஷோரூம்லேர்ந்து வண்டி வெளிய வரணும்னா முதல்ல இன்சூரன்ஸ். ஆர்டிஓ நம்பர் அப்புறம்தானே?"

பழைய சிஸ்டத்தில் நம்பர் கட்டாய ஃபீல்டு. அதனால் அந்த இடத்தில் "நியூ" என்று அடித்து, பின்னால் ஏதாவது எண்ணை ஒட்டி ஒப்பேற்றியிருந்தார்கள். நம்பர் வந்த பிறகு திருத்தாமல் விட்டவை ஏராளம். அடுத்தது, நம்பர் நிரந்தரமும் இல்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதனால் எங்கள் மாடலில் "வண்டி" ஒரு பொருள், "பதிவு" தனிப் பொருள். ஒரு வண்டிக்குப் பதிவு இல்லாமலும் இருக்கலாம், காலப்போக்கில் பல பதிவுகளும் இருக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் தொடங்கிய நாள், முடிந்த நாள், பதிவு செய்த அலுவலகம் உண்டு. சேசிஸ் நம்பர் வண்டியுடையது. ஆனால் அதையும் சாவியாக வைக்கவில்லை. 17 எழுத்துகளைக் கையால் அடிக்கும் இடத்தில் ஓவும் பூஜ்ஜியமும் மாறத்தான் செய்யும், திருத்தத்தான் வேண்டியிருக்கும். திருத்தப்படக்கூடிய எதையும் அடையாளமாக வைக்க வேண்டாம் என்பது நான் எந்த மாடலிலும் விட்டுக்கொடுக்காத விதி.

இதன் பலன் 2021 செப்டம்பரில் தெரிந்தது. பாரத் சீரிஸ் என்ற பிஹெச் வரிசை நம்பர்கள் அப்போது வந்தன. அவை மாநில எழுத்தில் தொடங்காது. பதிவான வருடத்தின் இரண்டு இலக்கத்தில் தொடங்கும். நம்பரின் முதல் இரண்டு எழுத்தை வைத்து மாநிலத்தையும், அதை வைத்துப் பிரீமியம் மண்டலத்தையும் கணக்கிட்ட பழைய புரோகிராம்கள் அனைத்தையும் தேடித் திருத்த வேண்டியிருந்தது. புதிய மாடலில் பதிவு அலுவலகம் தனியாக இருந்ததால் மாடல் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. நம்பரின் வடிவத்தைச் சோதிக்கும் விதி ஒன்று கூடியது, அவ்வளவே.

பாலிசியும் கவரும்

பழைய சிஸ்டத்தை உண்மையில் உலுக்கியது 2018 செப்டம்பர் 1. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அன்று முதல் புதிய கார்களுக்கு மூன்று வருடம், இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடம் சேர்த்தே, நம் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆனது. சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியை ஒரு வருடத்துக்கும் எடுக்கலாம். அதாவது ஒரே பாலிசிக்குள் ஒரு பகுதி ஒரு வருடத்தில் முடியும், இன்னொன்று மூன்று வருடம் ஓடும். பழைய டேபிளில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் பாலிசியிலேயே இருந்தன. எந்த முடிவுத் தேதியை அதில் வைப்பது? ஒரு வருடம் என்று வைத்தால், இரண்டாம் வருடத்தில் விபத்து நடந்து மூன்றாம் நபர் நஷ்ட ஈடு கேட்கும்போது பாலிசி காலாவதி என்று திரை சொல்லும். மூன்று வருடம் என்று வைத்தால், ஓன் டேமேஜ் புதுப்பிக்கச் சொல்லி யாருக்கும் நினைவூட்டல் போகாது. கடைசியில் ஒரே காகிதத்துக்கு உள்ளே இரண்டு பாலிசி உருவாக்கி, இரண்டையும் ஒரு குறிப்பால் கட்டிப்போட்டிருந்தார்கள். அதனால் மாதாந்திர அறிக்கையில் பாலிசி எண்ணிக்கை உண்மையை விடக் கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

காலம் பாலிசியுடையது இல்லை, கவருடையது. கவர் என்பது பாலிசிக்குள் ஒரு வகை இழப்புக்கான பாதுகாப்பு. இதைப் பார்த்துவிட்டால் போதும். பாலிசி என்பது ஒப்பந்தம். அதற்குள் ஒன்றோ பலவோ கவர்கள். ஒவ்வொரு கவருக்கும் அதனதன் தொடக்கம், முடிவு, காப்பீட்டுத் தொகை, பிரீமியம். இப்படி வரைந்தால் 2019 செப்டம்பரில் வந்த தனி ஓன் டேமேஜ் பாலிசியும் அதிலேயே அடங்கும்: தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில் ஓடிக்கொண்டிருக்கும், ஓன் டேமேஜ் மட்டும் நம்மிடம் எடுப்பார்கள். மற்ற கம்பெனியின் பாலிசியையும் நாம் குறித்துவைக்க வேண்டும் என்ற தேவை இங்கேதான் வெளிப்பட்டது. 2020 ஆகஸ்டில் மூன்று, ஐந்து வருட ஓன் டேமேஜ் பேக்கேஜை நிறுத்தியபோதும் மாடலுக்கு எந்தச் சேதமும் இல்லை.

உரிமையாளருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் கவர் இன்னும் நுட்பமானது. 15 லட்சம் ரூபாய்க்கான கவர் அது. முன்பெல்லாம் ஒவ்வொரு வண்டியின் பாலிசியோடும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு வண்டி இருந்தால் இரண்டு முறை கட்டுவார்கள். 2019 ஜனவரியிலிருந்து அதைத் தனியாக ஒரே ஒருமுறை எடுத்தால் போதும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மாற்றியது. அப்படியானால் இந்தக் கவர் காப்பது வண்டியை இல்லை, ஆளை. கார் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால் உரிமையாளர்-ஓட்டுநர் என்றொருவர் இல்லை, இந்தக் கவரும் இல்லை. நாங்கள் "காக்கப்படுவது" என்றொரு பொதுப் பொருளை வைத்து, அதன் கீழ் வண்டி, ஆள் என்று பிரித்தோம். கவர் எதைக் காக்கிறதோ அதைச் சுட்டும். இதை ஏற்கவைக்கத்தான் அதிக விவாதம் தேவைப்பட்டது. "மோட்டார் பாலிசியில் வண்டிதானே எல்லாம்" என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அந்த நம்பிக்கை பல வருட அனுபவத்திலிருந்து வந்தது, அதை மதிக்க வேண்டும். ஆனால் அது பழைய கட்டண விதிகள் இருந்த காலத்து அனுபவம்.

காரின் காப்பீட்டு மதிப்பான ஐடிவியும் இப்படித்தான். வண்டியின் மதிப்பு என்பதால் வண்டியோடு வைக்கத் தோன்றும். ஆனால் ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20 என்று தேய்மானம் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புது மதிப்பு. அதனால் ஐடிவி கவருடையது.

கருவியைப் பற்றி

நாங்கள் பயன்படுத்தியது ஸ்பார்க்ஸ் சிஸ்டம்ஸின் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் கிரெஸ்விக் என்ற சிறிய ஊரிலிருந்து வரும் மென்பொருள். சுருக்கமாக ஈஏ என்போம். இதைப் படம் வரையும் மென்பொருளாக நினைத்துப் பயன்படுத்துபவர்கள்தான் அதிகம். அடிப்படையில் இது ஒரு ரெபாசிட்டரி, அதாவது மாடலின் பொருள்களைச் சேமித்து வைக்கும் கிடங்கு. நீங்கள் பார்க்கும் படம் அதற்குள் இருக்கும் பொருள்களின் ஒரு காட்சி மட்டுமே. "வண்டி" என்ற கிளாஸ் (மாடலில் ஒரு பொருளைக் குறிக்கும் பெட்டி) ஒருமுறைதான் இருக்க வேண்டும். பாலிசி படத்திலும் கிளெய்ம் படத்திலும் பதிவுப் படத்திலும் அதே ஒன்று காட்டப்பட வேண்டும்.

நடைமுறையில் நடப்பது வேறு. புதிதாக வருபவர் கிளெய்ம் படத்தைத் திறப்பார். வண்டி வேண்டும். டூல்பாக்ஸிலிருந்து ஒரு கிளாஸை இழுத்துப்போட்டு "வண்டி" என்று பெயர் வைப்பார். படம் சரியாகத்தான் தெரியும். ஆனால் ரெபாசிட்டரிக்குள் இப்போது இரண்டு வண்டிகள், இரண்டுக்கும் வெவ்வேறு ஃபீல்டுகள். ஏற்கெனவே இருக்கும் பொருளைப் பிரவுசரிலிருந்து இழுத்து, லிங்க் ஆகப் படத்தில் வைக்க வேண்டும். அதே மாதிரி, படத்தில் ஒன்றைத் தேர்ந்து டிலீட் அழுத்தினால் அது அந்தப் படத்திலிருந்து மட்டும் போகும். ரெபாசிட்டரியில் அப்படியே இருக்கும். எந்தப் படத்திலும் தெரியாமல் அனாதையாகக் கிடக்கும் பொருள்கள் இப்படித்தான் சேர்கின்றன. அவற்றைத் தேட ஈஏவிலேயே ஒரு தேடல் வசதி உண்டு. ஒவ்வொரு ரிவ்யூவுக்கு முன்னாலும் அதை ஓட்டிப் பார்ப்பதையும், ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதையும் எங்கள் குழுவில் வழக்கமாக்கினேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு முதல் வேலையாகவே அதைக் கொடுத்தேன். இரட்டைப் பொருள்களைத் தேடித் தேடியே அவர் மாடல் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

இரண்டாவது விஷயம் நோட்ஸ். ஒவ்வொரு கிளாஸுக்கும், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் விளக்கம் எழுத இடம் இருக்கிறது. "பாலிசி எண்: பாலிசியின் எண்" என்று எழுதுவதற்குப் பதில் எழுதாமலே விடலாம். எது இதில் சேரும், எது சேராது, யார் இதைத் தீர்மானிக்கிறார்கள், எந்தச் சுற்றறிக்கையிலிருந்து இந்த விதி வந்தது என்று எழுத வேண்டும். "கவர்" என்ற ஒரு பொருளுக்கான விளக்கத்தை எழுதத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. கோடுகளை வரைய அவ்வளவு நேரம் ஆகவில்லை. விளக்கம் எழுத முடியாத பொருள் பெரும்பாலும் இரண்டு பொருள்களின் கலவையாக இருக்கும். "வாடிக்கையாளர்" அப்படிப்பட்டது. மார்க்கெட்டிங்கில் கேட்டால் விலை விசாரித்தவரும் வாடிக்கையாளர். அக்கவுண்ட்ஸில் கேட்டால் பணம் கட்டியவர். கிளெய்ம்ஸில் கேட்டால் நஷ்ட ஈடு கேட்டு வந்தவர். ஆகவே ஆள் அல்லது நிறுவனம் ஒரு பக்கம், அவர் ஏற்கும் பங்கு இன்னொரு பக்கம்: உரிமையாளர், பணம் கட்டியவர், நாமினி, கடன் கொடுத்த பேங்க், ஓட்டியவர், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர், மூன்றாம் நபர். "வாடிக்கையாளர்" என்ற சொல்லை மாடலிலிருந்து நீக்கினோம்.

கூடுதல் குறிப்புகளைச் சேர்க்க உதவும் டேக்டு வேல்யூ வசதியையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இது தனிநபர் விவரமா, எந்தத் துறை பொறுப்பு என்று குறித்து வைத்தோம். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, எங்கெங்கே தனிநபர் விவரம் இருக்கிறது என்ற பட்டியலை ரெபாசிட்டரியிலிருந்தே எடுத்துக் கொடுக்க முடிந்தது.

லாஜிக்கல் மாடலில் இருந்து டேபிள்களை உருவாக்க ஈஏவில் டிடிஎல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்ற தானாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது. கிளாஸ் டேபிளாகும், சாவிகள் சேரும், பலவுக்குப் பல என்ற உறவுக்கு நடுவில் ஓர் இணைப்பு டேபிள் வரும். பொதுப் பொருளின் கீழ் வரும் வகைகள் ஒவ்வொன்றும் தனி டேபிளாகி, மேலே இருப்பதைச் சுட்டும். அது ஒரு தொடக்கம் மட்டுமே. டெவலப்பர்கள் ஆள், நிறுவனம் இரண்டையும் ஒரே டேபிளில் வைக்க விரும்பினார்கள். தேடல் வேகத்துக்கு அது சரியான முடிவுதான். அப்போது சிலர் லாஜிக்கல் மாடலையும் அதற்கேற்ப மாற்றிவிடலாம் என்றார்கள். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. டேபிள் ஒன்றாக இருந்தாலும் ஆளும் நிறுவனமும் ஒன்றாகிவிடாது. பிறந்த தேதி ஆளுக்கு மட்டும்தான், விபத்துக் கவரும் ஆளுக்கு மட்டும்தான். லாஜிக்கல் மாடலின் தொகுப்பு (பேக்கேஜ்) தனி, டேபிள்கள் இருக்கும் பிசிக்கல் தொகுப்பு தனி, எதிலிருந்து எது வந்தது என்று காட்ட இரண்டுக்கும் நடுவே டிரேஸ் கோடு, ஏன் ஒன்றாக்கினோம் என்ற காரணம் டேபிளின் நோட்ஸில். இதே பொருள்களை மேலே, நிறுவனத்தின் தொழிலையும் அப்ளிகேஷன்களையும் சேர்த்துக் காட்டும் ஆர்க்கிமேட் என்ற வரைமுறைப் படத்தில் இருக்கும் பிசினஸ் ஆப்ஜெக்டுகளோடும் டேட்டா ஆப்ஜெக்டுகளோடும் இணைத்தோம். ஆர்க்கிமேட்டில் ஃபீல்டு அளவுக்கு இறங்க வழியில்லை, அதற்கு அது உருவாக்கப்படவும் இல்லை. ஆனால் எந்த அப்ளிகேஷன் எந்த விவரத்தைத் தொடுகிறது என்பதை அங்கே பார்த்துவிட்டு, கீழே லாஜிக்கல் மாடலுக்கு இறங்க முடிந்தது. ரிலேஷன்ஷிப் மேட்ரிக்ஸைத் திறந்தால் அப்ளிகேஷன்கள் ஒரு பக்கம், பொருள்கள் ஒரு பக்கம். ஒரே பொருளை மூன்று அப்ளிகேஷன்கள் உருவாக்குகின்றன என்று அதில்தான் முதலில் எல்லோரும் பார்த்தார்கள்.

எப்படிக் கேட்பது

தொழில் தெரிந்தவர்கள் முன்னால் கிளாஸ் டயகிராமைத் திரையில் காட்டிப் பயனில்லை. தலையாட்டுவார்கள். கோடுகளை வாக்கியங்களாக மாற்றிப் படித்துக் காட்ட வேண்டும். "ஒரு பாலிசியில் குறைந்தது ஒரு கவராவது இருக்கும்." "ஒரு கிளெய்ம் ஒரே ஒரு விபத்தால் வந்தது." "கிளெய்ம் கேட்பவர் பாலிசி எடுத்தவராகத்தான் இருப்பார்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, "எப்பவுமேவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது.

மேலே சொன்ன மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும் கிளெய்ம்ஸ் பிரிவில் சட்ட வழக்குகளைப் பார்க்கும் சார் எழுந்துவிட்டார். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கேட்பவர் நம்மிடம் ஒரு பைசா பிரீமியம் கட்டாதவர். ஒரே விபத்தில் காயம்பட்டவர்கள் நான்கு பேர் என்றால் நான்கு மனுக்கள், அவை வெவ்வேறு ஊர்த் தீர்ப்பாயங்களிலும் இருக்கலாம். அதே விபத்தில் நம் வாடிக்கையாளரின் கார் பழுதுக்கு ஓன் டேமேஜ் கிளெய்ம் ஒன்று, அவர் இறந்திருந்தாலோ நிரந்தர ஊனமடைந்திருந்தாலோ தனிநபர் விபத்துக் கிளெய்ம் ஒன்று. பழைய சிஸ்டத்தில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பதிவுகள். ஓன் டேமேஜில் ஓட்டியவர் பெயர் ஒன்றாகவும், தீர்ப்பாயத்தில் வேறொன்றாகவும் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. "விபத்து" என்ற பொருள் அன்று மாடலுக்குள் வந்தது. ஓட்டியவர், இடம், நேரம், எஃப்ஐஆர் விவரம் எல்லாம் கிளெய்மிலிருந்து விபத்துக்கு நகர்ந்தன. மாடல் முழுவதிலும் மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன், அதைச் சொன்னவர் ஒரு டயகிராமைக்கூட வரைந்ததில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். தீர்ப்பாய வழக்கு வருடங்கள் கழித்துக்கூட விசாரணைக்கு வரும். அப்போது கேட்கப்படுவது விபத்து நடந்த அந்த நேரத்தில் பாலிசி எந்த நிலையில் இருந்தது என்பதுதான். நடுவில் வண்டி கைமாறியிருக்கும், எண்டார்ஸ்மென்ட்கள் வந்திருக்கும். பெயர் மாற்றம் எந்த நாளிலிருந்து செல்லும் என்பது ஒன்று, எந்த நாளில் சிஸ்டத்தில் ஏறியது என்பது வேறொன்று. இரண்டையும் வைக்க வேண்டும். பாலிசி தொடங்குவதற்குத் தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். காலையில் விபத்து, மதியம் பாலிசி என்ற வழக்குகள் உண்டு.

வாக்கியங்களைப் படித்து முடித்த பிறகு, உண்மையான பாலிசிகளைப் பெயர் மறைத்து எடுத்து மாடலில் பொருத்திப் பார்ப்போம். சாதாரணமானவற்றை எடுத்தால் எல்லாம் பொருந்தும். கிளையில் "இது ஒரு தலைவலி கேஸ்" என்று தனியாக எடுத்து வைத்திருக்கும் கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். பெயர் சிக்கல் அப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டுக் கிளைகளில் இன்ஷியலை எங்கே போடுவது என்று தெரியாமல், கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் சிலர் அங்கே இன்ஷியலையும், சிலர் அப்பா பெயரையும், சிலர் வெறும் புள்ளியையும் போட்டிருந்தார்கள். பேன் கார்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், ஆர்சியில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும். ஒத்துப்போகவில்லை என்று அடையாளச் சரிபார்ப்பான கேஒய்சி நிற்கும். மற்றவர்களெல்லாம் பெயரை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அண்டர்ரைட்டர் மேடம் சொன்னார்: "ஒவ்வொரு கார்டுலயும் எப்படி இருக்கோ அப்படியே எழுதிக்கோங்களேன்." சரியான பதில். எழுதப்பட்ட பெயர் ஆளுடையது இல்லை, அந்த ஆவணத்துடையது. ஒரு ஆளுக்குப் பல ஆவணங்கள், ஒவ்வொன்றிலும் முழுப் பெயர் உள்ளபடியே. கடிதத்தில் அழைக்க வேண்டிய பெயர் மட்டும் ஆளோடு.

ரிவ்யூ முடிந்தவுடன் ஈஏவில் பேஸ்லைன் (அந்த நேரத்து மாடலின் நகல்) எடுத்து வைப்போம். அடுத்த கூட்டத்தில் முந்தைய பேஸ்லைனோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் பேசுவோம். தொழில்பக்கத்தவர்களுக்கு ஈஏ லைசென்ஸ் தேவையில்லை; ரெபாசிட்டரியிலிருந்து உருவாகும் வேர்ட் ஆவணம் போதும், அதில் படத்துக்கு முன்னால் வாக்கியங்கள் வரும்படி டெம்ப்ளேட்டை அமைத்துக்கொண்டோம். அவர்கள் ஆவணத்திலேயே எழுதும் திருத்தங்களை உடனே ரெபாசிட்டரிக்குள் கொண்டுவர ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணம் ஒன்றாகவும் மாடல் ஒன்றாகவும் பிரிந்துபோகும்.

2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ ஃபுளோட்டர் பாலிசிக்கு அனுமதி கொடுத்தது: ஒரே ஆளின் பல கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் சேர்த்து ஒரு பாலிசி. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் திட்டமும் அதனோடு வந்தது. புராடக்ட் குழு உடனே வந்து, இதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டது. மாடலைத் திறந்து பார்த்தோம். கவர் தனியாக இருக்கிறது, காக்கப்படுவது தனியாக இருக்கிறது. ஒரு கவர் ஒன்றைத்தான் காக்கும் என்ற கோட்டின் முனையில் இருந்த "ஒன்று" என்பதைப் "பல" என்று மாற்ற வேண்டும். ஓடிய தூரத்தின் அளவீடு புதிய பொருள். அது வண்டியுடையதா, கவருடையதா? ஓடோமீட்டர் எண் வண்டியுடையது. வாங்கிய கிலோமீட்டர் அளவு கவருடையது. இந்த இரண்டையும் பலகையில் எழுதியதும், "அப்ப நடுவுல வண்டியை வித்துட்டா மிச்ச கிலோமீட்டர் யாருக்கு?" என்று புராடக்ட் குழுவிலிருந்தே ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கோட்டின் மேல் ஒரு குறிப்பாக ஒட்டி, பதில் சொல்ல வேண்டியவரின் பெயரையும் போட்டு, அன்றைய பேஸ்லைனை எடுத்தோம்.